கதவருகே நின்ற சேவகர்: சித்தூர்–திருப்பதி வட்டாரத்தில் படை நீங்கியோரின் இருநூறு ஆண்டுகள்

மாவட்ட ஆட்சியர் அலுவலகம் ஒன்றுக்குச் சென்றவர்கள் டபேதாரைக் கண்டிருப்பர். வெள்ளை உடை, தலைப்பாகை, தோளின் குறுக்கே சிவப்புப் பட்டை, அதில் பித்தளை வில்லை. ஆட்சியரின் அறைக்கதவைத் திறந்துவிடுவதும் வருவோரை வரிசைப்படுத்துவதும் அவர் பணி. ஆனால் அவருடைய பதவிப்பெயர் அலுவலகத்தில் பிறந்ததன்று. 'தஃபாதார்' என்பது குதிரைப்படையில் ஹவில்தாருக்கு இணையான பதவி. அலுவலகச் சேவகர்களின் தலைவரைக் குறித்த 'ஜமேதார்' என்ற சொல்லோ, பிரிட்டிஷ் இந்தியப் படையில் இந்தியருக்குக் கிட்டிய ஆணைபெற்ற பதவிகளில் முதற்படியைக் குறித்தது. 'பியூன்' என்பது காலாட்படை வீரனைக் குறித்த போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வந்தது. கும்பினியின் பதினெட்டாம் நூற்றாண்டு ஆவணங்களில் 'பியூன்' என்று வந்தால், ஈட்டியோ வாளோ துப்பாக்கியோ ஏந்திய சேவகன் என்றே பொருள் கொள்ள வேண்டும். இன்று அச்சொல் கோப்புகளை மேசைக்கு மேசை எடுத்துச் செல்பவரைக் குறிக்கிறது.

மூன்று சொற்களும் ஒரே திசையில் நகர்ந்திருக்கின்றன. போர்க்களத்திலிருந்து அலுவலகத்திற்கு வந்தன. அங்கும் உள்ளே செல்லாமல் கதவருகே நின்றுவிட்டன. படையை விட்டு நீங்கியவருக்குக் குடிமை வாழ்வில் நம் சமூகம் எந்த இடத்தை ஒதுக்கியது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான சான்று இல்லை. சித்தூர்–திருப்பதி வட்டாரத்தை முன்வைத்து அந்த வரலாற்றை இப்பதிவில் தொகுத்துப் பார்க்கிறேன். நிலத்தின் வரலாறு, கோயிலின் வரலாறு, மொழிவாரி எல்லையின் வரலாறு ஆகியவை இவ்வட்டாரத்தைப் பொறுத்தவரை ஓரளவு எழுதப்பட்டுவிட்டன. ஆயுதத்தைக் கீழே வைத்தவர்களின் வரலாறு அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை.

1. பாளையங்களின் சேவகர்

கர்நாடகச் சமவெளியும் மைசூர்ப் பீடபூமியும் சந்திக்கும் மலைப்பாதைகளில் சித்தூர் அமைந்துள்ளது. எனவே பதினெட்டாம் நூற்றாண்டில் ஏறக்குறைய எல்லாப் படைகளும் இவ்வழியே சென்றன. 1782 டிசம்பரில் ஹைதர் அலி உயிர் நீத்ததும் சித்தூருக்கு அருகிலுள்ள நரசிங்கராயன்பேட்டைப் பாசறையில்தான். மலையடிவாரங்களில் கல்லூர், புலிச்செர்லா, பாகாலா, பங்காரி எனப் பல பாளையங்கள் இருந்தன. பாளையக்காரர் கணவாய்களைக் காத்தார். அரசர் அழைத்தபோது ஆட்களை அனுப்பினார். அதற்கு ஈடாக நிலத்தையும் காவல் வரும்படியையும் அனுபவித்தார். அவருக்குக் கீழிருந்த சேவகருக்குச் சம்பளம் பணமாகக் கிடைப்பது அரிது. குறைந்த, நிலையான தீர்வையில் ஒரு துண்டு நிலம் அவருக்கு விடப்பட்டது. அந்த நிலையான தீர்வைக்குக் 'கட்டுப்படி' என்று பெயர். அதனை அனுபவித்தவர் கட்டுப்படிச் சேவகர்.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். இச்சேவகரைப் பொறுத்தவரை 'படைவாழ்வு', 'குடிவாழ்வு' என்று இரண்டு இல்லை. மழைக்காலத்தில் ஏர் பிடித்தவரே அறுவடைக்குப் பின் ஈட்டி பிடித்தார். நிலமும் ஆயுதமும் ஒரே உரிமையின் இரு முனைகள். படையை விட்டு நீங்குவது என்ற கருத்தே அவருக்குப் புதியதாக இருந்திருக்கும்.

1801 ஜூலை 31ஆம் நாள் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி ஆர்க்காட்டு நவாபின் நாடு கும்பினியின் ஆட்சிக்குள் வந்தது. சித்தூர்ப் பாளையங்களும் அதனுடன் வந்தன. புதிய அரசுக்குப் பேஷ்குஷ் தேவைப்பட்டது. பாளையக்காரரின் ஆட்கள் தேவைப்படவில்லை. காவல் உரிமை பறிக்கப்பட்டு, தாரோகாக்களின் கீழ் புதிய போலீஸ் முறை புகுத்தப்பட்டது. சேவகரின் நிலத்துக்கு அடிப்படையாக இருந்த பணியே சட்டத்தின் பார்வையில் இல்லாமற் போயிற்று. பணி இல்லையெனில் கட்டுப்படிச் சலுகை எதற்கு என்று கலெக்டரின் கணக்கு கேட்டது.

1804இல் சித்தூர்ப் பாளையங்களில் கலகம் மூண்டது. கும்பினி படையனுப்பி மறு ஆண்டில் அதனை அடக்கியது. பாளையக்காரர் கலகம் என்றே வரலாற்று நூல்கள் இதனைக் குறிக்கின்றன, பெயர்களும் பாளையக்காரர்களுடையவையே. ஆயினும் மலைக்குள் சென்று போரிட்டவர்கள் சேவகர்களே. பாளையக்காரர் பணிந்தால் அவருக்கு ஓய்வூதியம் தரவோ, ஜமீன் நிலையில் தொடரவிடவோ கும்பினியிடம் வழிகள் இருந்தன. சேவகருக்கு அத்தகைய வழி எதையும் யாரும் யோசித்து வைக்கவில்லை. ஆயுதத்தைக் கீழே வை என்ற கட்டளை வந்தது. வைத்தபின் என்ன செய்வது என்பதற்கு விடை வரவில்லை. கலகத்திற்கு வேறு காரணங்களும் உண்டு. இருப்பினும் இந்த வெற்றிடத்தையும் காரணங்களுள் ஒன்றாகக் கொள்ள வேண்டும் என்பது என் வாதம்.

2. மன்றோவுக்குக் கிடைத்த ஆயத்தம்

இதே காலத்தில், இதே நிலப்பரப்பில், படையிலிருந்து குடிமைப் பணிக்கு மிக எளிதாகக் கடந்த ஒருவரும் இருந்தார். தாமஸ் மன்றோ 1780இல் சென்னைக்குப் படைப்பயிற்சி மாணவராக வந்து, ஹைதர் அலிக்கு எதிரான போரில் பங்கேற்றவர். 1792இல் திப்புவிடமிருந்து பாராமகால் கும்பினியின் கைக்கு வந்தபோது, அதன் வருவாய் நிர்வாகத்தைக் கேப்டன் அலெக்சாண்டர் ரீடிடம் காரன்வாலிஸ் ஒப்படைத்தார். ரீடின் உதவியாளர்களுள் ஒருவராக மன்றோ சென்றார். சென்னையின் குடிமை அதிகாரிகளுக்கு உள்நாட்டு மொழிகளும் நாட்டு நடைமுறையும் தெரியவில்லை. இப்படை அதிகாரிகளுக்குத் தெரிந்திருந்தது என்பதே அந்தத் தேர்வுக்குக் காரணம்.

பாராமகாலில் ஏழாண்டுகள் நிலம் அளந்து, குடிகளுடன் பேசி, தீர்வை விதித்துப் பழகிய பின் 1800இல் மன்றோ தத்த மண்டலத்தின் கலெக்டரானார். பின்னாளில் சித்தூர் மாவட்டத்துடன் இணைந்த மதனப்பள்ளியும் வாயல்பாடும் அப்பரப்பில் அடங்கியவை. 1820இல் அவர் சென்னையின் ஆளுநராகி, 1827இல் பத்திகொண்டாவில் காலராவால் இறந்தார். திருமலையில் நைவேத்தியம் படைக்கும் பாத்திரம் ஒன்று 'மன்றோ கங்காளம்' என்று அவர் பெயரால் வழங்கும் மரபு இன்றும் உண்டு.

மன்றோவின் திறமையை மறுக்க வேண்டியதில்லை. ஆயினும் அத்திறமைக்கு ஆயத்தக் காலம் ஒன்று அளிக்கப்பட்டது. படையில் இருந்தபோதே மொழி கற்றார். படைச்சம்பளம் நிற்காமலே குடிமைப் பணியைப் பழகினார். அவர் கற்றதை மதித்து ஏற்ற மேலதிகாரி இருந்தார். கற்க நேரம், பழக இடம், கற்றதற்கு அங்கீகாரம் ஆகிய மூன்றும் ஒருசேர வாய்த்தன.

மன்றோ கலெக்டராகச் சென்ற தத்த மண்டலத்தில் 80 பாளையக்காரர்களும் அவர்களிடம் ஏறத்தாழ 30,000 ஆயுதமேந்திய சேவகர்களும் இருந்ததாகக் கணக்கிடப்பட்டது. அவர்களுள் நிலம் பெற்றவர்கள் ஏருக்குத் திரும்பினர். சிலர் கட்டுப்படி நிலத்தைத் தக்கவைத்துக் காவல் சேவகராயினர். சிலர் கலெக்டரின் கச்சேரியில் வரி வசூலுக்குச் செல்லும் சேவகராயினர். முதலில் குறிப்பிட்ட 'பியூன்' தன் ஈட்டியை இழந்து வில்லையைப் பெற்ற காலம் இதுவே. படை அதிகாரி கலெக்டராகவும், பாளையத்தின் காலாள் அவருடைய கதவுக்காவலராகவும் ஆன நிகழ்வுகள் ஒரே கச்சேரியில் நிகழ்ந்தன.

3. இனாம் கணக்கும் ஓய்வூதியமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எஞ்சிய கட்டுப்படியும் முடிவுக்கு வந்தது. 1858இல் இனாம் ஆணையம் அமைந்தது. 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டம் சென்னை மாகாணத்துக்குச் சீரான போலீஸ் படையை உருவாக்கியது. கட்டுப்படிச் சேவகருள் உடல் தகுதியுடைய சிலர் புதிய போலீஸில் சேர்ந்தனர். ஏனையோரின் சேவை விலக்கப்பட்டு, நிலம் குறைந்த தீர்வைக்கு உட்பட்ட சொந்த நிலமாயிற்று. இது 1801ஐ விட மேலான ஏற்பாடு. பணியைப் பறித்த அரசு நிலத்தை விட்டுவைத்தது, கலகம் மூளவில்லை.

கும்பினியின் சிப்பாய்களுக்கு வேறோர் ஏற்பாடு இருந்தது. நீண்ட சேவைக்கும் ஊனத்திற்கும் ஓய்வூதியம் உண்டு. சிப்பாய்களின் மகன்களை இளவயதிலேயே பட்டியலில் சேர்த்துச் சிறு தொகை வழங்கும் 'ரெக்ரூட் பையன்', 'பென்ஷன் பையன்' என்ற வழக்கம் சென்னைப் படைக்கே உரிய சிறப்பு. கூர்ந்து நோக்கினால் இதன் தர்க்கம் தெளிவாகும். தந்தை படையை விட்டு நீங்கினால் மகன் படைக்குள் நுழைவான்; குடும்பம் பட்டாளத்தைச் சார்ந்தே இருக்கும். வெளியுலகத் தொழிலுக்கு ஆயத்தமாக்கும் எண்ணம் இதில் இல்லை. ஆகவே பட்டாளம் இடம்பெயர்ந்தால் இக்குடும்பங்களின் அடித்தளமும் பெயர்ந்தது. 1874இல் சித்தூரிலிருந்து படைப்பிரிவு விலக்கப்பட்டது. படைநகரம் வெறும் மாவட்டத் தலைநகரமாயிற்று. 1911இல் சித்தூர் தனி மாவட்டமானபோது பட்டாளம் அங்குப் பழைய நினைவு மட்டுமே. இராணுவத்தில் சேரும் மரபோ வேலூரைச் சூழ்ந்த ஊர்களில் தொடர்ந்தது. கணியம்பாடிக்கு அருகிலுள்ள கம்மவான்பேட்டை இன்றும் 'இராணுவப்பேட்டை' என்றே அழைக்கப்படுகிறது.

4. 1945: கேள்வி மாறிய ஆண்டு

இரண்டாம் உலகப் போர் தொடங்கியபோது இந்தியப் படையின் அளவு ஏறத்தாழ 2 லட்சம். 1945இல் அது 25 லட்சம். ஆள்சேர்ப்பில் பஞ்சாபுக்கு அடுத்தபடியாகச் சென்னை மாகாணம் நின்றது. எண்ணிக்கையைவிட முக்கியமானது அவர்கள் செய்த வேலையின் தன்மை. இப்போர் ஓட்டுநரை, கம்பியில்லாத் தந்தி இயக்குநரை, ஃபிட்டரை, வெல்டரை, எழுத்தரை, மருத்துவ உதவியாளரைக் கேட்டது. எழுத்தறிவு ஓரளவு பரவியிருந்த சென்னை மாகாணத்து இளைஞர்கள் தொழில்நுட்பப் பிரிவுகளில் பெருமளவில் சேர்ந்தனர். ஏரை விட்டுச் சென்றவர் எந்திரம் கற்றுத் திரும்பினார்.

இத்தனை பேரையும் திருப்பியனுப்புவது அரசுக்கு அச்சமூட்டும் பணி. ஆனால் இம்முறை போர் முடியும் முன்பே ஆயத்தம் தொடங்கியிருந்தது. போருக்குப் பிந்தைய மறுசீரமைப்புக்கென ஒரு நிதி திரட்டப்பட்டது. போரிடும் வீரர் ஒருவருக்கு மாதம் 2 ரூபாயும் பிறருக்கு 1 ரூபாயும் அரசு அதில் ஒதுக்கியது. மத்திய அரசின் நிரந்தரக் காலியிடங்களில் ஒரு பங்கு போர்ச்சேவை புரிந்தோருக்கென நிறுத்தி வைக்கப்பட்டது. 1945 ஜூலையில் மறுகுடியமர்வு மற்றும் வேலைவாய்ப்புத் தலைமை இயக்ககம் தொழிலாளர் துறையில் நிறுவப்பட்டது. படையை விட்டு நீங்குவோரும் போர்த் தொழிற்சாலைகளிலிருந்து விடுவிக்கப்படுவோரும் பதிவு செய்து கொள்வதற்கெனப் பல நகரங்களில் பரிமாற்று நிலையங்கள் திறக்கப்பட்டன. தொழிற்பயிற்சி நிலையங்களும் அமைந்தன.

பதிவு அட்டையில் கேட்கப்பட்ட கேள்விதான் இங்கு வரலாற்றுத் திருப்பம். உமக்கு என்ன தொழில் தெரியும்? எவ்வளவு காலம் செய்தீர்? 1801இன் அரசு, சேவகனை எப்படி அடக்குவது என்று மட்டும் சிந்தித்தது. 1859இன் அரசு, அவனுக்கு எவ்வளவு நிலம் விடுவது என்று கணக்கிட்டது. 1945இன் அரசுதான் அவனுக்கு என்ன தெரியும் என்று கேட்டது. கேட்டதனால் எல்லோருக்கும் வேலை கிடைத்துவிடவில்லை. பதிந்தோர் பலர், இடங்கள் சில. ஆயினும் கேள்வி மாறிவிட்டது.

இந்த ஏற்பாட்டின் பிற்கால வரலாறு நம் மாணவர்கள் அனைவரையும் தொடுகிறது. பிரிவினைக்குப் பின் இடம்பெயர்ந்தோரும் இதே நிலையங்களில் பதிந்தனர். 1948 தொடக்கத்தில் அவை வேலை தேடும் அனைவருக்கும் திறக்கப்பட்டன. 1950இல் கைவினைஞர் பயிற்சித் திட்டம் தொடங்கியது, ஐ.டி.ஐ. என்று நாமறியும் நிறுவனத்தின் வேர் அது. 1956 நவம்பர் 1ஆம் நாள் வேலைவாய்ப்பு அலுவலகங்களின் அன்றாட நிர்வாகம் மாநிலங்களிடம் வந்தது. ஆந்திரப் பிரதேசம் பிறந்ததும் அதே நாளில். பத்தாம் வகுப்பு முடித்ததும் அட்டை பதியச் சென்ற தலைமுறைகள், படை நீங்கிய சிப்பாய்க்காகக் கட்டப்பட்ட வாசலின் வழியே நுழைந்தவை. படைவீரருக்கென எழுந்த ஏற்பாடு நாட்டின் பொது நிறுவனமாக வளர்ந்தது என்பதே அந்த ஆண்டின் உண்மையான சாதனை.

5. ஒதுக்கீடும் வாசற்படியும்

இந்தியப் படையின் சாதாரண வீரர் 15 முதல் 20 ஆண்டுச் சேவைக்குப் பின் நாற்பது வயதை ஒட்டி வீடு திரும்புகிறார். பிள்ளைகள் பள்ளியில் இருப்பர், வீட்டுக்கடன் முடிந்திராது. குடிமை அரசு ஊழியர் பதவி உயர்வை எதிர்நோக்கும் வயதில் இவர் புதிதாக விண்ணப்பம் எழுதுகிறார்.

அரசு செய்தவை சில உண்டு. 1979ஆம் ஆண்டின் மறுவேலைவாய்ப்பு விதிகள் மத்திய அரசின் சி பிரிவு நேரடி நியமனங்களில் 10 விழுக்காட்டையும் டி பிரிவில் 20 விழுக்காட்டையும் முன்னாள் படைவீரருக்கு ஒதுக்கின. வயது வரம்பில் படைச்சேவைக் காலமும் அதன்மேல் மூன்றாண்டுகளும் கழிக்கப்படும். பத்தாம் வகுப்பு முடித்து 15 ஆண்டுகள் சேவை புரிந்தவர், பட்டம் கோரும் சில சி பிரிவுப் பணிகளுக்கு விண்ணப்பிக்கலாம். ஆந்திரத்தில் முன்னாள் படைவீரருக்கு அரசு நிலம் வழங்கும் பழைய வழக்கமும் உண்டு. சித்தூர்க் கிராமங்களில் 'டி.கே.டி. பட்டா' என்றால் அனைவருக்கும் தெரியும். தரகாஸ்து என்ற பழைய வருவாய்த் துறைச் சொல்லின் சுருக்கம் அது. கட்டுப்படி நிலத்தின் தூரத்து உறவு என்றும் அதனைச் சொல்லலாம்.

ஆனால் விதிக்கும் விளைவுக்கும் உள்ள இடைவெளியைக் காண வேண்டும். 2021 ஜூன் நிலவரப்படி, தகவல் அளித்த 34 மத்திய அரசுத் துறைகளின் சி பிரிவு ஊழியருள் முன்னாள் படைவீரர் 1.29 விழுக்காடு; டி பிரிவில் 2.66 விழுக்காடு. ஒதுக்கீடு நியமனங்களுக்கு உரியது, இக்கணக்கோ மொத்த ஊழியருக்கு உரியது என்ற வேறுபாட்டை ஒப்புக்கொண்டாலும் இடைவெளி பெரிது. தகுதியுள்ள விண்ணப்பதாரர் கிடைக்கவில்லை என்பது வழக்கமாகக் கூறப்படும் விளக்கம். எல்லையில் பதினேழு ஆண்டுகள் பணிபுரிந்தவர், தேர்வுக்கென இரண்டாண்டுகள் தனியே படித்த இளைஞருடன் ஒரே வினாத்தாளில் போட்டியிட வேண்டியிருப்பதை அவ்விளக்கம் சொல்வதில்லை.

அதிகாரிகளின் கதை அப்போதும் வேறு. 1962 போரையொட்டி அவசரகால ஆணை பெற்ற அதிகாரிகள் விடுவிக்கப்பட்டபோது, ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். உள்ளிட்ட பணிகளில் அவர்களுக்கென இடங்கள் ஒதுக்கப்பட்டன. மன்றோ கடந்த பாலத்தின் புதிய வடிவம் அது. சாதாரண வீரர் எங்கே சென்றார் என்று அறிய ஆவணக் காப்பகம் செல்ல வேண்டியதில்லை. சித்தூரிலோ திருப்பதியிலோ ஏதேனும் ஒரு வங்கியின் வாசலைப் பார்த்தால் போதும். இரட்டைக்குழல் துப்பாக்கியுடன் நாற்காலியில் அமர்ந்திருப்பவர் படையில் சிக்னல் கருவிகளைப் பழுது பார்த்தவராக இருக்கலாம். பனிமலையில் ஊர்தி ஓட்டியவராகவும் இருக்கலாம். அவருக்கு எது தெரியும் என்று கேட்காமல், அவர் எப்படி நிற்பார் என்பதை மட்டும் கண்டு கொடுக்கப்பட்ட வேலை அது. பணியின் கண்ணியத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. 1945இல் கேட்கப்பட்ட கேள்வி மீண்டும் மறக்கப்பட்டது என்பதையே சொல்கிறேன். சேவகர் மறுபடியும் கதவருகே நிற்கிறார்.

6. நான்காண்டுச் சேவை

2022 ஜூன் 14ஆம் நாள் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டம் இவ்வரலாற்றைப் புதிய கட்டத்திற்குக் கொணர்ந்துள்ளது. நான்காண்டுச் சேவை, அதன்பின் 25 விழுக்காடு வரையானோர் தொடரலாம், ஏனையோர் ஏறத்தாழ 11.71 லட்சம் ரூபாய்ச் சேவா நிதியுடன், ஓய்வூதியமின்றி வெளியேறுவர். 2022 இறுதியிலும் 2023 தொடக்கத்திலும் பயிற்சிக்குச் சென்ற முதல் அணியினருக்கு 2026 இறுதி முதல் நான்காண்டுகள் நிறைவுறுகின்றன.

திட்டத்தின் படைத்துறை நன்மை தீமைகள் என் ஆய்வுக்கு அப்பாற்பட்டவை. வரலாற்று மாணவனாக நான் கேட்பது ஒன்றே: வெளியேறும் இளைஞருக்கு மன்றோவுக்குக் கிடைத்த மூன்றும் கிடைக்குமா? சேவைக்காலத்திலேயே கற்க நேரம், குடிமைத் தொழிலைப் பழக இடம், கற்றதற்கு வெளியில் அங்கீகாரம். மூன்றாவதற்கு ஒரு தொடக்கம் உள்ளது. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் அக்னிவீரருக்கென வகுத்த பட்டப்படிப்பில் பாதி மதிப்பலகுகள் படைப்பயிற்சிக்கே வழங்கப்படுகின்றன. இது நல்ல திசை. ஆனால் பட்டத்தைக் கண்ட பின்னும் வேலை தருபவர் வாசற்காவல் வேலையையே நீட்டினால், சான்றிதழ் புதிய வில்லையாகவே முடியும். முதல் இரண்டும் எவ்வாறு அமையும் என்பதை இனிதான் காண வேண்டும்.

நாற்பது வயதினருக்கு ஓய்வூதியம் ஒரு கைப்பிடியாக இருந்தது. இருபத்தைந்து வயதினருக்கு அது இல்லை. அவருக்கு இருப்பது காலம். அதைப் பயன்படுத்தும் ஆயத்தம் விடுவிப்பு நாளில் தொடங்கினால் தாமதம். சித்தூர் வட்டாரத்தின் இருநூறு ஆண்டுகள் காட்டுவது இதுவே: படையை விட்டு நீங்குவது ஒரு நாளில் முடிகிறது, குடிமைத் தொழிலுக்குள் நுழைவதற்குப் பல ஆண்டுகள் ஆகின்றன. அந்த ஆண்டுகளின் செலவை அரசு ஏற்றபோது நாட்டுக்கே பொதுவான நிறுவனங்கள் பிறந்தன. சேவகரின் தலையில் அதனைச் சுமத்தியபோது சில சமயம் கலகம் பிறந்தது. பல சமயம் மௌனம் மிஞ்சியது.

இறுதியாக இவ்வட்டார மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாம் படிக்கும் ஆவணங்கள் கலெக்டரின் கண்ணால் எழுதப்பட்டவை. படை நீங்கியவரின் சொல் வீடுகளில் இருக்கிறது. சித்தூரிலும் பலமநேரிலும் குப்பத்திலும் வேலூர்க் கிராமங்களிலும் பரண்மேல் இரும்புப் பெட்டிகள் உள்ளன. அவற்றுள் விடுவிப்புப் புத்தகங்கள் உள்ளன. அதில் எழுதப்பட்ட தொழிலையும், அதன்பின் அவர் வாழ்நாளெல்லாம் செய்த தொழிலையும் அருகருகே எழுதிப் பாருங்கள். இரண்டுக்கும் இடையிலுள்ள தூரமே இந்த வரலாற்றின் அடுத்த அத்தியாயம். அதனை எழுத வேண்டியவர்கள் நீங்கள்.